திரும்பி வந்த லோடு

எங்கள் வீட்டு ஹாலில் அப்போது நடக்க இடம் கிடையாது. நாத்தனாரும் அவருடைய இரண்டு பெண்களும் தங்கள் வீட்டுத் தகரக் கூரையைப் பிரித்துவிட்டு எங்களோடு வந்து தங்கியிருந்தார்கள். காலையில் சமையலறைக்குப் போக வேண்டுமென்றால் பாய், தலையணை, பாடப்புத்தகம், யாருடையது என்று தெரியாத ஒரு கால், எல்லாவற்றையும் தாண்டித்தான் போக வேண்டும். பெண்கள் இரண்டும் தங்கமான பெண்கள்தான். ஆனால் தங்கம் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு பாட்டுப் பாட ஆரம்பித்துவிட்டால் நான் எப்போது குளித்து, எப்போது பள்ளிக்கூடம் போவது? நல்லவள் வேஷம் போட எனக்கு வராது. அவர்கள் வீட்டு வேலை முடிந்து, என் வீடு எனக்குத் திரும்பக் கிடைக்காதா என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாத்தனாரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குக் கணவர் இல்லை. துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக அந்த வீட்டை எழுப்பிக்கொண்டிருந்தார். சுவர் உயர்ந்துவிட்டது. மேலே தளம் போடுவதற்குப் பலகை அடித்து, கீழே வரிசையாக முட்டுக் கொடுத்து, கம்பியும் கட்டியாகிவிட்டது. கான்கிரீட்டுக்குத்தான் வழி பிறக்கவில்லை. கம்பி துருப்பிடிப்பதைப் பார்த்துப் பார்த்து அண்ணிக்கும் முகம் வாடிப்போயிருந்தது.

என் கணவர் கான்கிரீட் லாரி ஓட்டுகிறவர். முதுகில் பெரிய பீப்பாயைச் சுமந்து, அதைச் சுற்றிக்கொண்டே போகுமே, அந்த லாரி. ஒரு நாள் மத்தியானம் எனக்குப் போன் செய்தார்.

"டீச்சர், உடனே அக்கா வீட்டுக்கு வா. கான்கிரீட் வந்துடுச்சு!"

சந்தோஷம் வந்தால்தான் என்னை டீச்சர் என்பார். மற்ற நேரத்தில் 'ஏய்'தான். நான் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினேன்.

நடந்தது இதுதான். பெரிய கட்டடம் ஒன்றுக்குக் கொண்டுபோன லோடு. வழியில் பாலத்தில் ஒரு பஸ் குறுக்கே நின்றுவிட, இவர் வெகுநேரம் மாட்டிக்கொண்டார். போய்ச் சேர்ந்தபோது அங்கிருந்த இன்ஜினியர் நேரமாகிவிட்டது, வேண்டாம் என்று திருப்பி விட்டுவிட்டார். எங்கேயாவது கொட்டித் தொலை என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். இவருக்குத் தோன்றிய 'எங்கேயாவது' அக்கா வீடு.

தெருவே கூடிவிட்டது. கொத்தனாரும் அவருடைய ஆட்களும் பக்கத்துத் தெரு வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்திருந்தார்கள். நான் லாரியின் பீப்பாய் மேல் சும்மா கையை வைத்தேன். சுட்டது. வெயிலில் நின்ற வண்டி என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் கலவை கட்டி கட்டியாக விழுந்தது. கொத்தனார் கரண்டியால் ஒரு கட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, இப்படி வருது?" என்றார்.

"ரொம்ப நேரம் நின்னதுல காஞ்சு போச்சு, வேற ஒண்ணுமில்ல. தண்ணி காட்டினா குழைஞ்சிடும்."

சொல்லிக்கொண்டே இவர் குழாயைப் பீப்பாய்க்குள் விட்டு, தண்ணீரைத் திறந்துவிட்டார். குழாய் பீப்பாயின் வாயிலிருந்து நழுவாமல் பிடித்துக்கொண்டது நான்தான். பீப்பாய் சுற்றச் சுற்ற, கலவை சேறு போல இளகி வழுக்கிக்கொண்டு வந்தது. ஆட்கள் சட்டி சட்டியாக மேலே ஏற்றினார்கள். சாயங்காலத்துக்குள் தளம் போட்டாகிவிட்டது. அண்ணி ஒரு ஓரமாக நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். இவர் பார்க்காத மாதிரி டயரை உதைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணிதான் இவரை வளர்த்தவர். அம்மா நோயில் விழுந்த பிறகு, தான் படிக்க வேண்டிய வயதில் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவர். கலியாணம் ஆன புதிதில் இவர் என்னிடம் சொன்ன முதல் கதையே அதுதான். அக்காவுக்கு ஏதாவது செய்ய வேண்டும், செய்ய வேண்டும் என்பார். கையில் இருப்பதெல்லாம் லாரிச் சாவி. அது கடைசியில் ஒரு கூரையாக மாறியதில் எனக்கே பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் முதல் அண்ணி தளத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். கடைக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை. ஓரத்தில் மண்ணால் வரப்புக் கட்டி, தண்ணீரைத் தேக்கி வைப்பார். ஏணியில் வாளியோடு ஏறும்போது முட்டி வலிக்கும். பெண்கள் தாங்கள் ஏறுகிறோம் என்றால் விடமாட்டார். "உங்களுக்கு ஊத்தத் தெரியாது. போய்ப் படிங்க," என்பார்.

அந்த வாரம்தான் நான் வகுப்பில் அந்தப் பாடத்துக்கு வந்தேன். இயற்பியல் மாற்றம், வேதியியல் மாற்றம். வருஷா வருஷம் நடத்துகிற பாடம், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். பனிக்கட்டி உருகினாலும் தண்ணீர்தான், மறுபடி உறைய வைக்கலாம். சர்க்கரை கரைந்தாலும் சர்க்கரைதான், தண்ணீரை வற்றவிட்டால் திரும்பக் கிடைக்கும். காகிதத்தைக் கிழித்தால் காகிதம், எரித்தால் சாம்பல். சாம்பலை என்ன தாஜா செய்தாலும் காகிதம் ஆகாது. பிறகு, வீட்டில் பார்த்த மாற்றம் ஒன்றைச் சொல்லுங்கள் என்றேன்.

ஒரு பெண் எழுந்தாள். "சிமெண்ட் காயுறது, டீச்சர். இயற்பியல் மாற்றம். தண்ணி ஆவியாப் போயிடுது, அவ்வளவுதான்."

"தப்பு," என்றேன் உற்சாகமாக. இந்தத் தப்பைத் திருத்துவது எனக்குப் பிடிக்கும். "காயுறது மண்ணு. காஞ்ச மண்ணுல தண்ணி ஊத்தினா திரும்பச் சேறுதான். சிமெண்ட் காயறதே இல்ல. தண்ணியோட சேர்ந்து வேற ஒரு பொருளா மாறிடுது. அதனாலதான் தண்ணிக்குள்ள இருந்தாலும் இறுகும். மாறும்போது சூடு வெளிய வரும். ஒரு தடவை ஆரம்பிச்சிட்டா நிறுத்த முடியாது. நடுவுல கலைச்சு விட்டு, தண்ணி ஊத்தி…"

அதோடு வாய் நின்றுவிட்டது. சாக்பீஸ் கையில் இருக்கிறது, கரும்பலகையில் பாதி வார்த்தை நிற்கிறது. எனக்குப் பீப்பாயின் சூடு உள்ளங்கையில் திரும்ப வந்தது. அன்றைக்கு வெயிலே இல்லை. காலையிலிருந்து வானம் மூடிக்கிடந்தது, துணியைக் கொடியில் போடலாமா வேண்டாமா என்று நான் யோசித்திருந்தேன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் தண்ணீர் குடித்துவிட்டு, மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். மணி அடிக்கும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தளத்துக்குக் கீழே நாத்தனாரும் இரண்டு பெண்களும் படுக்கப் போகிறார்கள்.

பள்ளிக்கூடம் விட்டு நேராக அண்ணி வீட்டுக்குப் போனேன். தேங்கியிருந்த தண்ணீரை ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டு, இரும்பு ஆணியால் தளத்தைக் கீறினேன். நல்ல கான்கிரீட்டில் ஆணி வழுக்கும், வெள்ளைக் கோடு மட்டும் விழும். இங்கே ஆணி இறங்கியது. மாவாக உதிர்ந்தது. சில இடங்களில் மட்டும் கல் போலக் கெட்டியாக இருந்தது. அன்றைக்கு உடையாமல் போன கட்டிகள் அங்கங்கே அப்படியே புதைந்து கிடந்தன. கீழே இறங்கி, முன்பே நல்ல கலவையில் போட்டிருந்த வாசற்படியைக் கீறிப் பார்த்தேன். ஆணிதான் மழுங்கியது.

கொத்தனாரைத் தேடிப் போய்க் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"ஆணி இறங்குதுன்னா நல்லதில்லதான் டீச்சர். நான் அப்பவே கேட்டேன். அண்ணன் தினமும் இதே வேலை பார்க்கிறவரு, அவரே சொல்லும்போது நான் என்னத்தச் சொல்றது?"

இவரிடம் சமையலறையில் வைத்துத்தான் சொன்னேன். குரலைத் தாழ்த்தித்தான் ஆரம்பித்தேன். ஆனால் எனக்கு ஒரு வியாதி உண்டு. எதைச் சொன்னாலும் பாடம் நடத்துகிற குரல் வந்துவிடும், விரல் தானாக மேலே போகும்.

"முதல்ல அந்த விரலை இறக்கு," என்றார். "நான் பீப்பாய் சுத்த ஆரம்பிச்சு எவ்வளவு காலம் ஆச்சு தெரியுமா? கலவை கெட்டியானா தண்ணி விடுறது எல்லாரும் செய்யறதுதான்."

"கெட்டியாகறது வேற, இறுக ஆரம்பிக்கிறது வேற. இறுக ஆரம்பிச்சதைக் கலைச்சா மறுபடி ஒட்டாது. பீப்பாய் சுட்டுச்சு. நான் தொட்டுப் பார்த்தேன்."

"இப்ப போய்த் தொட்டுப் பாரு. கல்லு மாதிரி இருக்கு. நேத்து நான் மேல நின்னு குதிச்சேன்."

"கீழ முட்டு இருக்கிற வரைக்கும் யானை கூட குதிக்கலாம். அதை எடுத்தா? அந்த இன்ஜினியர் ஏன் திருப்பி விட்டாரு?"

"அவன் பெரிய மனுஷன், அவனுக்குத் திருப்பி விட ஆயிரம் லோடு வரும். என் அக்காவுக்கு வருமா?"

"வராதுதாங்க. அதுக்காக?"

"என்ன பண்ணச் சொல்றே? உடைக்கணுமா? நீ போய் அவகிட்ட சொல்லு பார்க்கலாம்."

சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அண்ணி காலி வாளியோடு சமையலறை வாசற்படியில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. வாளியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகப் பேசினார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஏம்மா, நாங்க இங்க இருக்கிறது உனக்குப் பாரமா இருந்தா நேரா சொல்லிடு. என் தம்பி போட்டுக் குடுத்த தளத்து மேல பழி போடாதே."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவர்கள் பாரம்தான். அதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால்தானே அவர்கள் சீக்கிரம் போவார்கள்? வாயைத் திறந்ததால் இன்னும் எத்தனை மாதம் என் ஹாலில் பாய் விரிக்கப் போகிறார்களோ. இதை அவரிடம் எப்படி விளக்குவது? "அப்படியெல்லாம் இல்ல அண்ணி," என்று மட்டும் சொன்னேன். அது பூசி மெழுகுகிற மாதிரி என் காதுக்கே கேட்டது.

எங்களுக்குள் சண்டை புதிது இல்லை. காலையில் உறைந்து, சாயங்காலம் டீ போடும்போது உருகிவிடுகிற சண்டைகள். இது அப்படி இல்லை. இவர் என்னை டீச்சர் என்று கூப்பிடுவதை நிறுத்தினார். பிறகு ஏய் என்பதையும் நிறுத்தினார். சாப்பாடு வேண்டுமென்றால் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார். பெண்கள் இரண்டும் குளியலறையில் பாடுவதை விட்டுவிட்டார்கள். அது எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. அண்ணி மட்டும் முன்னைவிட அதிகமாகத் தண்ணீர் சுமந்தார். எனக்குக் காட்டுவதற்காகவே கூட ஒரு வாளி ஊற்றினார் என்று தோன்றியது.

என் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. ஒருவேளை நான்தான் புத்தகத்தைப் படித்துவிட்டுப் பூச்சாண்டி காட்டுகிறேனோ? எத்தனையோ வீடுகளில் எப்படியெப்படியோ போட்ட தளங்கள் நிற்கத்தானே செய்கின்றன? பேசாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். பிறகு சின்னவள் பாயில் மல்லாந்து படுத்து, வாயைத் திறந்துகொண்டு தூங்குவதைப் பார்ப்பேன். அதோடு அந்த யோசனை போய்விடும்.

முட்டு எடுக்கும் நாள் வந்தது. கொத்தனார் வரவில்லை. உடம்பு முடியவில்லை என்று ஆள் அனுப்பினார். அவருக்கு என்ன உடம்பு என்று எனக்குத் தெரியும், இவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். "அவன் வராட்டி என்ன, எனக்குக் கை இல்லையா?" என்று சுத்தியலை எடுத்துக்கொண்டு இவரே கிளம்பினார்.

நாங்கள் எல்லோரும் போனோம். அண்ணி தலை வாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். இவர் எங்களை வீட்டுக்குள் விடவில்லை.

"தூசி விழும். எல்லாரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்க. அக்கா, பிள்ளைங்களைப் பிடிச்சுக்கோ. நான் கூப்பிடற வரைக்கும் யாரும் வரக்கூடாது."

பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றினார். போனையும் பர்ஸையும் எடுத்து மூன்றையும் அக்காவின் கையில் கொடுத்தார். உள்ளே போய்விட்டார்.

அண்ணி அவற்றை முந்தானையில் துடைத்து வைத்துக்கொண்டார். தூசிக்குப் பயந்தா ஒரு மனுஷன் பர்ஸைக் கொடுப்பான்? என் பேச்சை இவர் நம்பிவிட்டார். எப்போதோ நம்பிவிட்டார். அதை அக்காவிடம் சொல்வதற்கு மட்டும்தான் துணிச்சல் வரவில்லை. சொல்வதைவிட அதற்குக் கீழே நின்றுவிடுவது இவருக்குச் சுலபமாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் கழன்ற செருப்பைக்கூடப் போடாமல் ரோட்டைக் கடந்து ஓடினேன். அண்ணி பின்னாலிருந்து என்னவோ கத்தினார்.

உள்ளே இருட்டாக இருந்தது. முட்டுக்கம்புகள் நெருக்கமாக நின்றன. பலகை இடுக்குகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, அண்ணி ஊற்றிய தண்ணீர். இவர் நடுக்கம்பின் அடியில் இருந்த ஆப்பைத் தட்டுவதற்குச் சுத்தியலை ஓங்கியிருந்தார்.

"நீ எதுக்கு வந்தே? வெளிய போ."

"ஏங்க? நல்லா இறுகிடுச்சுன்னு சொன்னீங்களே."

"சொன்னா கேளு. போ வெளிய."

"நான் எங்கயும் போகல. நீங்க அடிங்க."

நான் போய் அவருக்குப் பக்கத்தில், அந்தக் கம்பை ஒட்டி நின்றேன். உண்மையில் அடித்துவிட்டால் என்ன செய்வது என்று நான் யோசித்திருக்கவே இல்லை.

"அந்த வாசப்படிகிட்டயாவது போய் நில்லுடி."

"அங்க மட்டும் எதுக்கு? கல்லு மாதிரி இருக்குன்னீங்க. கல்லுக்குக் கீழ எங்க நின்னா என்ன?"

சுத்தியல் மேலேயே இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் அவர் நெற்றியில் விழுந்து மூக்கு வழியாக இறங்கியது, அதைக்கூடத் துடைக்கவில்லை. பிறகு கை தானாக இறங்கிற்று. சுத்தியலைத் தரையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பீப்பாய் சுட்டப்பவே எனக்குத் தெரியும்," என்றார். "தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்துட்டேன். அவளுக்கு நான் வாழ்க்கையில குடுத்தது இது ஒண்ணுதான்டி."

"தெரியும்ங்க."

எனக்கு ஜெயித்த மாதிரி இல்லை. இந்த மனிதரை இப்படி உட்கார வைப்பதற்காகவா இத்தனை பேசினேன் என்று இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். தேம்பித் தேம்பி அழுதார். முட்டுகள் எல்லாம் அப்படியே நின்றன.

வெளியே வந்து அவரே சொன்னார். பூசி மெழுகவில்லை.

"அக்கா, அது வேணாம்னு திருப்பி விட்ட லோடு. உனக்குத் தெரியும். ஆனா அது ஏற்கெனவே இறுக ஆரம்பிச்சு, செத்துப்போன லோடுன்னு எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. தண்ணி விட்டுக் கலைச்சது நான். நிக்காது. உடைக்கணும்."

அண்ணி தம்பியின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். என்னையாவது திட்டுவார் என்று நினைத்தேன்.

"அப்ப நான் தினமும் ஊத்தினேனே, தண்ணி?" என்றார். "அதுல ஒண்ணும் ஆகலையா?"

இவர் என்னைப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். வகுப்பில் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பேன். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அண்ணி கடிகாரத்தையும் போனையும் பர்ஸையும் தம்பி கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெண்களைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுப் பக்கமாக நடந்தார். அன்று சாயங்காலம் புடவையைக்கூட மாற்றவில்லை.

மறுநாள் விடிந்ததும் கொத்தனார் வந்துவிட்டார், உடம்பு அதற்குள் சரியாகிவிட்டது போல. இவரும் அவரும் மேலே ஏறி, முட்டுகளை அப்படியே விட்டுவிட்டு ஓரத்திலிருந்து உடைக்கத் தொடங்கினார்கள். நான் லீவு போட்டுவிட்டுக் கீழே நின்றேன். சுத்தியல் விழுந்த இடமெல்லாம் கணீரென்று கேட்கவில்லை, பொத்தென்று கேட்டது. மாவும் கட்டியுமாகப் பெயர்ந்து வந்தது. தெரு முழுக்கச் சாம்பல் நிறத்தில் தூசி எழும்பி, எதிர்வீட்டு ஜன்னல்கள் சாத்திக்கொண்டன.

அப்போது அண்ணி வந்தார். கையில் வாளி, விளிம்புவரை தண்ணீர். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பழக்கத்தில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாரோ, நேற்று நடந்ததெல்லாம் மனசில் ஏறவில்லையோ என்று பதறி, ஏணியடியில் போய் மறித்தேன்.

"அண்ணி, இனிமே தண்ணி வேணாம் அண்ணி."

"தெரியும். வழி விடு," என்றார். "தூசி அவன் மூக்குல ஏறுது பாரு. சின்ன வயசுலேருந்தே அவனுக்குத் தூசி ஆகாது."

ஒரு கையால் ஏணியைப் பிடித்து, முட்டி வலியோடு மேலே ஏறினார். உடைத்துப் போட்டதன் மேலெல்லாம் வாளியைச் சாய்த்து, தூசி அடங்கும்வரை தண்ணீர் தெளித்தார். நான் அடுத்த வாளிக்குக் குழாயைத் திறந்தேன்.